வெட்டுகத்திக்கு ஒரு தோலுறை

தோல் வேலையில் புதிதாக இறங்குபவர்களிடம், முதலில் ஒரு சாவிப் பட்டையோ பணப்பையோ செய்து கை பழகிய பிறகு பெரிய வேலைகளுக்குப் போகலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நான் அந்த வரிசையைப் பின்பற்றவில்லை. எனக்குத் தேவைப்பட்டது இடுப்பில் தொங்கும் ஓர் உறை, அதுவும் வெட்டுகத்திக்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள சிறிய ரப்பர் விளையை, அதாவது தோட்டத்தை, பார்த்துக்கொள்ளும் ஓர் அண்ணன், காடு வெட்டப் போகும்போது கத்தியை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டு போவார். மழைக்காலத்தில் சரிவான விளையில், மண்ணைத் தாங்கும், பாசி பிடித்த கையாலைச் சுவர்களில் அவர் ஏறி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். கடைகளில் விற்கும் உறைகள் நேரான கத்திகளுக்கானவை. ஆகவே நானே செய்து பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

எங்கள் பக்கத்து வெட்டுகத்தியைப் பார்த்திராதவர்களுக்கு அதன் வடிவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த உறையின் கதை முழுவதும் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது. கொல்லப்பட்டறையில் லாரி ஸ்பிரிங்கின் பழைய பிளேட்டைக் காய்ச்சி அடித்துச் செய்வது அது. கைப்பிடியை ஒட்டிய கழுத்தருகே குறுகலாகத் தொடங்கி, முன்னே போகப் போக அகன்று, முனையில் கிளி மூக்கைப் போல உள்நோக்கி வளைந்துவிடும். வெட்டும் வாய் வளைவின் உட்பக்கத்தில் இருக்கும். முதுகு தடித்த இரும்பு. நான் உறை செய்த கத்தியின் அலகு 28 சென்டிமீட்டர் நீளம், கழுத்தில் 5 சென்டிமீட்டர் அகலம், மூக்கு நுனியிலிருந்து முதுகு வரை 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், முதுகின் தடிமன் 6 மில்லிமீட்டர்.

நேரான கத்திக்கு உறை செய்வதில் வடிவம் ஒரு சிக்கலே அல்ல. கத்தியை அட்டையில் வைத்து வரைந்து, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டி, மூன்று பக்கம் தைத்தால் மேலிருந்து செருகலாம், மேலே உருவலாம். வெட்டுகத்தியை அப்படிச் செருக முடியாது. அலகின் மிக அகலமான பகுதி அடியில் இருக்கிறது; அது உள்ளே போகும் அளவுக்கு உறையின் வாயை அகலமாக வைத்தால் கழுத்துப் பகுதி உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும். ஆடும் கத்தி ஒவ்வோர் அடிக்கும் தையலை அறுக்கும். பனையேறிகள் இடுப்பில் கட்டும் அரிவாள்பெட்டி இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருந்தது. அது வாய் திறந்த பெட்டி. பாளை அரிவாள் உள்ளே தளர்வாகக் கிடக்கும், மரத்தில் இருப்பவர் அதைப் பார்க்காமலே எடுத்துப் பார்க்காமலே போடலாம். இடுப்பில் கருவியைத் தொங்கவிடும் கலையில் நம் ஊரில் அதைவிடத் தேர்ந்த பொருள் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது மெல்லிய, இலேசான அரிவாளுக்கானது. முக்கால் கிலோ எடையுள்ள வெட்டுகத்தியை அப்படித் தளர்வாகப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்க முடியாது.

எனவே உறையை மேலே திறப்பதற்குப் பதிலாகப் பக்கவாட்டில், கத்தியின் முதுகுப் பக்கம் முழுவதும் திறந்திருக்குமாறு அமைத்தேன். வாய்ப்பக்கமும் அடிப்பக்கமும் மட்டுமே தைக்கப்படும். கத்தி பக்கவாட்டில், வாய் முதலில் உள்ளே போகுமாறு நுழையும். முதுகின் குறுக்காக இரண்டு வார்கள் வந்து பட்டனில் பூட்டும். வலது இடுப்பில் தொங்கும்போது முதுகு முன்னோக்கியும் வாய் பின்னோக்கியும் இருக்கும். வார்களை விடுவித்துக் கைப்பிடியை முன்னே தள்ளினால் தடித்த முதுகு முதலில் வெளியே வருகிறது, கூரான பக்கம் கடைசியாக வருகிறது. உறையைப் பிடித்திருக்கும் இடது கை எந்த நிலையிலும் வாய்க்கு எதிரே வருவதில்லை. இந்த அமைப்பில் முதுகின் அடிப்பகுதியில் வலுவுக்காக நாலு தையல் போட்டுவிடலாம் என்ற ஆசை வரும். போடக் கூடாது. கத்தியைச் சற்றேனும் மேலே தூக்கினால்தான் அந்தத் தையலைத் தாண்டி வெளியே வர முடியும். தூக்கினால் மூக்கு போய்ப் பின்பக்கத் தையலில் மாட்டும். வளைந்த கத்திக்கு வெளியே வரும் பாதை ஒன்றுதான் உண்டு. அந்தப் பாதையை முதலில் வரைந்துவிட்டு, மீதமுள்ள இடத்தில்தான் தோலை வைக்க வேண்டும்.

இதையெல்லாம் அட்டையிலேயே முடித்துக்கொண்டேன். தடித்த அட்டையை வெட்டி, ஸ்டேப்ளர் அடித்து, கத்தியை வைத்து எடுத்துப் பார்த்து, இடுப்பில் கட்டி உட்கார்ந்து எழுந்து பார்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. உட்கார்ந்து பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. உறை பெல்ட்டை ஒட்டி உயரமாக நின்றால் கைப்பிடி விலாவில் குத்துகிறது. அதனால் உறையைப் பெல்ட்டிலிருந்து ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, இடையில் ஓர் இரும்பு வளையம் கொடுத்தேன். உட்காரும்போது உறை தானாகத் திரும்பிக்கொள்ளும். பெல்ட் என்று நான் சொல்வது பேண்டுக்குப் போடும் ஒன்றரை அங்குலப் பெல்ட்டை அல்ல. கைலியின் மேல் கட்டும், பணம் வைக்கப் பை உள்ள, அகலமான பச்சைப் பெல்ட்டை. அண்ணன் அதைத்தான் கட்டுவார். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பெல்ட் நுழையும் தோல் வளையத்தின் அளவு இதற்கு எட்டாது. பச்சைப் பெல்ட்டை அளந்து, அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட்டி வெட்டினேன்.

தோல் வாங்குவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் தோல் என்று கேட்டால் கைப்பைக்கும் மேலாடைக்கும் பயன்படும் மெல்லிய, வழவழப்பான குரோம் தோலைக் கொடுப்பார்கள். குரோமியம் உப்பால் பதப்படுத்திய அந்தத் தோல் மென்மையானது, மழையைத் தாங்கும், விலையும் குறைவு. உறைக்கு அது உதவாது. நனைத்து அழுத்தினாலும் அது எந்த வடிவத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளாது. தோலில் எஞ்சியிருக்கும் உப்புகள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்கவும் செய்யலாம். உறைக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றால் பதப்படுத்திய தோல். தமிழ்நாட்டுக்கு இதில் நீண்ட மரபு உண்டு. ஆவாரம்பட்டையும் கொன்றைப்பட்டையும் கொண்டு பதப்படுத்திக் கடுக்காய் நீரில் முடிக்கும் தோல், ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் கப்பலேறியது. இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்களின் தோல் தொழில் இந்த முறையில்தான் வளர்ந்தது. இரண்டு வகைத் தோலையும் பிரித்தறிவது எளிது. வெட்டிய விளிம்பைப் பார்த்தால் குரோம் தோலின் உட்பகுதி பெரும்பாலும் நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருக்கும், பட்டைத் தோல் முழுக்கப் பழுப்பாக இருக்கும். சாயமும் பூச்சும் ஏற்றாத பட்டைத் தோலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்சிக் கறுக்கும்.

எனக்குத் தோல் சென்னைப் பெரியமேட்டிலிருந்து வந்தது. அங்கே தோல் கடைகள் தெருத்தெருவாக உண்டு. தெரிந்த ஒருவர் வாங்கிப் பஸ் பார்சலில் அனுப்பினார். எருமைத்தோல், 3.5 மில்லிமீட்டர் தடிமன், சதுர அடிக் கணக்கில் விலை. முதுகுப் பகுதியில் வெட்டிய துண்டாக இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்லியிருந்தேன், ஏனென்றால் வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும், நாளடைவில் தொளதொளத்துப்போகும். மாட்டின் உடம்பில் முள் கீறிய தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும் தோலில் அப்படியே இருந்தன. அவற்றை ஒதுக்கி வெட்டுவதற்குச் சிலர் மெனக்கெடுவார்கள். வெட்டுகத்தி உறைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் தோல் வேலை செய்பவர்களின் மேசையைப் பார்த்தால், பல் மருத்துவரின் அறையில்கூட அத்தனை கருவி இருக்காது. நான் வாங்கியவை ஒரு நல்ல குத்தூசி, மழுங்கிய முனையுள்ள இரண்டு தடித்த ஊசிகள், தையல் இடைவெளியைப் பதிக்கும் ஒரு பல்லுளி, விளிம்பு சீவும் சிறு கருவி ஒன்று. பேப்பர் வெட்டும் கத்தியும் இரும்பு அளவுகோலும் வீட்டில் இருந்தன. பட்டன் பதிக்கும் அச்சைத் தக்கலையில் செருப்புத் தைக்கும் ஓர் அண்ணாச்சியிடம் இரவலாகப் பெற்றேன். பணம் இருந்தால் அதைத் தோலில் போட வேண்டும், கருவியில் போட வேண்டாம்.

வெட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புது பிளேடு, நேராகப் பிடித்த கை, ஒரே இழுப்பில் ஆழமாக வெட்டாமல் மெல்ல மெல்ல ஒரே கோட்டில் இழுத்துப் போவது, இவ்வளவுதான்.

உறையின் உயிர் நடுத்தோலில் இருக்கிறது. இரண்டு பக்கத் தோல்களையும் நேரடியாக ஒன்றோடொன்று தைத்துவிட்டால், கத்தியின் வாய் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் நூலின் மேல் போய் நிற்கும். சில வாரங்களில் தையல் அறுந்து, வாய் வெளியே எட்டிப் பார்க்கும். இதைத் தடுக்க, இரண்டு தோல்களுக்கும் நடுவே விளிம்பையொட்டி மூன்றாவதாக ஒரு தோலை வைக்கிறார்கள். கத்தியின் வாய் அதன் மேல் உட்காரும். நூல் அதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். நேரான கத்திக்கு இது ஒரே அகலமுள்ள பட்டையாக இருந்தால் போதும். வெட்டுகத்தியின் வாயோ குழிந்த வளைவு. நான் நடுத்தோலின் உள்விளிம்பை அந்த வளைவுக்கு அப்படியே எதிர்வடிவமாக வெட்டி, வெளிவிளிம்பை மட்டும் நேராக விட்டேன். வளைவின் நடுவில் நடுத்தோல் மூன்றரை சென்டிமீட்டர் அகலம் வந்தது, மூக்கு நுனியில் ஒன்றரை. இதனால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. கத்தி உள்ளே போனதும் வாய் முழு நீளத்துக்கும் தோலில் படிந்து நிற்கிறது, எந்த ஒரு புள்ளியிலும் எடை குவியவில்லை. இன்னொன்று, தையல் ஓட வேண்டிய வெளிவிளிம்பு நேர்கோடாகிவிட்டது. முதன்முதலாகத் தைப்பவருக்கு நேர்கோட்டுத் தையலைப் போன்ற வரம் வேறில்லை.

கத்தியின் முதுகு 6 மில்லிமீட்டர் என்பதால் நடுத்தோல் ஓர் அடுக்கு போதாது. இரண்டு அடுக்கு வைத்தால் 7 மில்லிமீட்டர். முதுகின் தடிமனைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பதே சரி, இல்லாவிட்டால் இரண்டு பக்கத் தோலும் எப்போதும் விறைப்பாக விரிந்து நின்று தையலை இழுத்துக்கொண்டிருக்கும். மேலே, கழுத்துப் பக்கம் முடியும் இடத்தில் நடுத்தோலைச் சீவி மெலிதாக்கிவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் அந்த இடத்தில் படிபோல் ஒரு திட்டு நிற்கும், கத்தியின் கழுத்து அதில் இடிக்கும்.

ஒட்டுவதைப் பற்றிய பேச்சு ரப்பர் விளையில் நடந்தது. செருப்புக்காரர்கள் சொல்யூஷன் என்று சொல்லும் பசையை வாங்கி வந்திருந்தேன். அண்ணன் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சாரே, வீட்டுல பாலு இருக்கயில இத எதுக்காக்கும் காசு குடுத்து வாங்கினீய?” என்றார். கேலிக்காகச் சொன்னதல்ல. ரப்பர் பால் பழங்காலத்திலிருந்தே ஒட்டும் பொருள்தான். அமோனியா சேர்த்து உறையாமல் வைத்த பாலைத் தோல் வேலைக்கும் காலணிக்கும் பசையாகப் பயன்படுத்துவது உலகெங்கும் உண்டு. மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் ரப்பர் இருக்கும், மற்றது பெரும்பாலும் தண்ணீர். இயந்திரத்தில் கடைந்து 60 விழுக்காடு வரை செறிவாக்கியதைத்தான் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். வெட்டுத் துண்டுகளில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். பால் ஒட்டிய துண்டுகளைப் பலமாக இழுத்தால் பசை தோலைவிட்டு உரிந்து வந்தது. சொல்யூஷன் போட்டவற்றை இழுத்தபோது தோலின் நாரே பிய்ந்தது. தையல் இருக்கும்போது பசையின் வேலை தோல்களை நகராமல் பிடிப்பது மட்டுமே, ஆகவே பாலும் போதும் என்று அவர் வாதாடினார். இயற்கை ரப்பருக்கு எண்ணெயும் செம்பும் பகை. பின்னால் தோலுக்கு எண்ணெய் இடப்போகிறேன், பித்தளை ரிவிட்டும் அடிக்கப்போகிறேன். அதனால் நடுத்தோலுக்குச் சொல்யூஷனையே வைத்துக்கொண்டேன். பெல்ட் வளையத்தின் மடிப்பை மட்டும் பாலால் ஒட்டினோம். அது அவருக்கான சமாதானம்தான்.

சொல்யூஷனை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகே சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது. தோலின் வழவழப்பான முகப்பில் பசை பிடிக்காது, அந்த இடத்தை உப்புத்தாளால் சுரண்டிவிட வேண்டும். முக்கியமான ஒன்று, பட்டன்களை ஒட்டுவதற்கு முன்பே பதித்துவிட வேண்டும். உறை மூடிய பிறகு உள்ளே அச்சை வைத்து அடிக்க இடமிருக்காது. அச்சைக் கொடுத்த அண்ணாச்சி இதைத்தான் முதலில் சொன்னார்: “தம்பி, பட்டன் முன்ன, தையல் பின்ன. மாத்திட்டா ஒண்ணும் நடக்காது கேட்டியளா.”

தையலுக்கு வருகிறேன். தோல் வேலையின் கைத்தையலில் ஒரே நூலின் இரண்டு முனைகளிலும் ஒவ்வோர் ஊசி இருக்கும். இரண்டு ஊசிகளும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து ஒரே துளையில் நுழைந்து கடந்து போகும். இயந்திரத் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் கொக்கிபோல் மாட்டிக்கொள்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றது பிடிப்பை இழந்து வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். கைத்தையலில் ஓரிடத்தில் ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்க நூல் அதே துளைகளில் தொடர்ந்து ஓடுவதால் தையல் நிற்கும். கத்தியின் வாய்க்கு அருகில் ஓடும் தையலுக்கு இந்தப் பண்பு இல்லாமல் முடியாது. இயந்திரத்தில் கொடுத்து அடித்துவிடலாமே என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்.

நூலின் நீளத்தைப் பற்றி எங்கும் ஒரே கணக்குச் சொல்கிறார்கள்: தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு. அது இரண்டு மெல்லிய தோல்களைச் சேர்ப்பதற்கான கணக்கு. இங்கே இரண்டு பக்கத் தோலும் இரண்டு அடுக்கு நடுத்தோலும் சேர்ந்து 14 மில்லிமீட்டர் தடிமன். தையல் இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நூல் மேற்பரப்பில் 5 மில்லிமீட்டரும் தோலுக்குள் 14 மில்லிமீட்டரும் ஓட வேண்டும். இரு பக்கத்துக்கும் சேர்த்து 38 மில்லிமீட்டர். அதாவது நீளத்தைப் போல ஏழரை மடங்குக்கும் மேல். என் தையல் 40 சென்டிமீட்டர், 80 தையல்கள். நூல் மட்டும் 3 மீட்டருக்குச் சற்று மேல் வரும். கையில் பிடித்து இழுக்கவும் கடைசியில் திரும்பித் தைக்கவும் சேர்த்து 4 மீட்டர் வெட்டிக்கொண்டேன். நான்கு மடங்குக் கணக்கை நம்பியிருந்தால் 1.6 மீட்டரில் பாதி வழியிலேயே நூல் தீர்ந்திருக்கும். தடித்த வேலை செய்பவர்கள் தங்கள் தடிமனை வைத்துத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

நூல் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தபோது, குளச்சல் பக்கத்தில் உள்ள மீன்வலைக் கடைகளைச் சொன்னார்கள். வலைக்குப் பயன்படும் முறுக்கிய நைலான் நூல் அங்கே எல்லாப் பருமனிலும் கிடைக்கிறது. செருப்புத் தைப்பவர்கள் பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வலு உண்டு, உப்பு நீரில் மட்காது. குறை என்னவென்றால், நைலான் நனைந்தால் சற்று நீளும். உறைத் தையல் மழையில் தளர்ந்துவிடக் கூடாது. இந்தக் காரணத்துக்காகப் பாலியெஸ்டர் நூலைத் தேர்ந்தேன். மெழுகு நம் மாவட்டத்திலேயே கிடைத்தது. மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்பு பரவலான தொழில் என்பதால் தேன்மெழுகுக்கு அலைய வேண்டியதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும் காலத்தில் தளிரின் காம்பிலிருந்து சுரக்கும் இனிப்பு நீரைத்தான் இங்குள்ள தேனீக்கள் பெரிதும் சேகரிக்கின்றன. பூவிலிருந்து வராத தேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. நூலை மெழுகுக் கட்டியின் மேல் வைத்து இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும், துளைக்குள் வழுக்கிப் போகும், இழுத்த இடத்தில் நிற்கும்.

துளையிடுவதில் நான் மரபை மீறினேன். குத்தூசியால் குத்திய துளை தோலின் நாரை விலக்கித்தான் உண்டாகிறது; தைத்த பிறகு நார் திரும்ப நெருங்கி நூலைப் பிடித்துக்கொள்ளும். துரப்பணத்தால் போட்ட துளையில் அந்த இடத்துத் தோல் தூளாக வெளியேறிவிடுகிறது, திரும்ப மூடாது. ஆகவே குத்தூசியே மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் 14 மில்லிமீட்டர் எருமைத்தோலில், பழகாத கை குத்தும் ஊசி ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு சாய்வில் போய், பின்பக்கத் தையல் பாம்புபோல் நெளிந்துவிடும். பல்லுளியால் முன்பக்கம் இடைவெளியைப் பதித்துவிட்டு, மர வேலை செய்யும் நண்பரின் நிலைத்துரப்பணத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் முனையால் செங்குத்தாகத் துளைத்து, பிறகு ஒவ்வொரு துளையிலும் குத்தூசியை ஒருமுறை விட்டு எடுத்தேன். பின்பக்கத் தையலும் நேராக வந்தது. கை பழகியவர்கள் இதைக் குறுக்குவழி என்பார்கள். சொல்லட்டும்.

தைக்கும்போது உறையைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே உறையை வைத்து, பலகைகளைத் தொடைகளால் இறுக்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து தைத்தேன். எந்தப் பக்க ஊசி முதலில் நுழைகிறதோ அதே பக்க ஊசிதான் கடைசி வரை முதலில் நுழைய வேண்டும். இரண்டாவது ஊசி எப்போதும் முதல் நூலின் ஒரே பக்கமாகப் போக வேண்டும். இந்த ஒழுங்கு மாறாமல் இருந்தால் தையல்கள் தாமாகவே ஒரே சாய்வில் படியும். முடிவில் மூன்று துளை திரும்பித் தைத்து, நூலை வெட்டி, நுனியைத் தீக்குச்சியால் உருக்கி அழுத்தினேன். நடுத்தோல் அகலமாக உள்ள வளைவின் நடுவில் இரண்டு ரிவிட்டுகளும் அடித்தேன்.

பட்டைத் தோலின் பெருமை அடுத்த கட்டத்தில் தெரியும். வெதுவெதுப்பான நீரில் உறையை முக்கி, குமிழிகள் நின்றதும் எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, கத்தியை உள்ளே வைத்து விரல்களால் அழுத்தி அழுத்தி வடிவம் கொடுக்க வேண்டும். காய்ந்ததும் தோல் அந்த வடிவத்திலேயே விறைத்து நின்றுவிடும். நீர் சூடாக இருக்கக் கூடாது; கொதிநீரில் தோல் சுருண்டு மரக்கட்டையாகிவிடும். கத்தியை எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கச் சுற்றிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். பட்டைத் தோலில் உள்ள டானினும் இரும்பும் ஈரத்தில் சந்தித்தால் அழியாத கருங்கறை உண்டாகும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதிவினைதான். தோலைக் கறுப்பாக்க விரும்புபவர்கள் இதையே சாயமாகப் பயன்படுத்துவதும் உண்டு. துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் ஊறவைத்து வடித்த நீரைத் தடவினால் தோல் கண் முன்னே கறுக்கும். கத்தி உறைக்கு அமிலம் தேவையில்லாத விருந்தாளி என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கழுத்தை ஒட்டிய பகுதியிலும் முதுகின் இரு ஓரங்களிலும் கட்டைவிரலால் மீண்டும் மீண்டும் அழுத்தினேன், ஏனென்றால் வார் அவிழ்ந்திருக்கும்போது கத்தியைப் பிடித்து நிறுத்துவது அந்த ஓரங்கள்தான். பிறகு நிழலில், காற்றாடும் இடத்தில் தொங்கவிட்டேன். வெயிலில் வைத்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து வெடிக்கும். நம் மாவட்டத்தின் ஈரக்காற்றில் 3.5 மில்லிமீட்டர் தோல் காய்வதற்குப் பொறுமை வேண்டும். தொட்டால் குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

விளிம்புகளைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, நீர் தொட்டு முரட்டுத் துணியால் சூடேறும்வரை தேய்த்தால் நான்கு அடுக்குகளும் ஒன்றாகிக் கொம்புபோல் பளபளக்கும். தேன்மெழுகை உருக்கிக் கொஞ்சம் எண்ணெய் கலந்து, மெல்லியதாக ஒரு பூச்சு. எண்ணெயை அதிகம் ஊட்டினால் உறை மென்மையாகி, அழுத்தி வாங்கிய வடிவம் கலைந்துவிடும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் தோலுக்கு முதல் எதிரி பூஞ்சை. வீட்டுக்கு வந்ததும் கத்தியை உறையிலிருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும், உறையை மூடிய பெட்டிக்குள் போடக் கூடாது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூட்டில் உறையைத் தொங்கவிட்டால் பூஞ்சை அண்டாது என்று அண்ணன் சொன்னார். புகை பூஞ்சையைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் கூட்டுக்குள் 50, 60 டிகிரி வரை வெப்பம் ஏறும். அதில் தினமும் தொங்கினால் தோலில் உள்ள கொஞ்ச எண்ணெயும் வற்றி, வார்கள் மடிப்பில் வெடித்துவிடும். மெழுகுப் பூச்சும் உருகும். சமையலறைச் சுவரில் ஓர் ஆணி போதும் என்று ஒத்துக்கொண்டார்.

உறை இப்போது அவருடைய பச்சைப் பெல்ட்டில் இருக்கிறது. ஒரு மாற்றத்தை அவரே கேட்டுச் செய்ய வைத்தார். மேல் வாரின் நுனி பட்டனோடு முடிந்திருந்தது. கையில் பால் பிசுக்கு இருக்கும்போது அதைப் பிடித்து இழுக்க முடியவில்லை. பட்டனுக்கு அப்பால் இரண்டு விரல் நீளத்துக்கு நாக்குபோல் ஒரு துண்டைக் கூட்டித் தைத்துக் கொடுத்தேன். அடுத்ததாகப் பால்வெட்டும் கத்திக்கும் ஒன்று வேண்டுமாம். அதன் கூர் நுனியில், மடங்கிய இடத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் வாயே கிடையாது. அதற்கு முதுகுப் பக்கம் திறப்பது பயன்படாது. கீழ்நோக்கி நேராக இறங்கி, நுனி எதையும் தொடாமல் நிற்கும்படி, தண்டைப் பிடித்துக்கொள்ளும் குழாய் வடிவில் ஒன்று செய்ய வேண்டும். அட்டையை வெட்டி வைத்திருக்கிறேன்.